பழைய மலிவு விலைப் பெடல் ஸ்டீல் கிட்டாரை மேம்படுத்தலாமா? புதியவர்களுக்கான வழிகாட்டி

பெடல் ஸ்டீல் கிட்டார் என்பது கால்களின் மேல் கிடையாக நிற்கும், பெடல்களாலும் முழங்கால் லீவர்களாலும் தந்திகளின் சுருதியை மாற்றி வாசிக்கும் கருவி. அதைக் கற்க முடிவெடுத்தவர்களில் பெரும்பாலானோரை முதலில் தடுப்பது அதன் விலை. புதிய கருவிகளைச் சிறு பட்டறைகளே கைவேலையாகச் செய்வதால் விலையும் அதிகம், காத்திருக்கும் காலமும் அதிகம். அதனால் 1960களிலோ 1970களிலோ செய்யப்பட்ட பழைய கருவி ஒன்று குறைந்த விலைக்கு வரும்போது, இப்போது வாங்கிவிட்டுப் பிறகு சிறுகச் சிறுக மேம்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. அந்த எண்ணம் சில கருவிகளுக்குப் பொருந்தும், பலவற்றுக்குப் பொருந்தாது. எது எந்த வகை என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கண்டறிய முடியும். ஆனால் அதற்கான விவரங்கள் ஓரிடத்தில் கிடைக்காமல் நான் நெடுநாள் அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கருவியை வாசிக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவருவது ஏறக்குறைய எப்போதும் பயனுள்ளது. அதற்கு மேல் முழங்கால் லீவர்களைச் சேர்ப்பது, தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பை மாற்றுவது போன்ற மேம்பாடுகள் பயன்தருமா என்பதைக் கருவியின் வலது முனையில் தந்திகளைத் தாங்கி நிற்கும் சேஞ்சர் என்ற பொறியமைப்பே தீர்மானிக்கிறது. சேஞ்சர் இடம் கொடுத்தால் செலவு செய்யலாம். இடம் கொடுக்காவிட்டால், மற்ற பாகங்களுக்குச் செலவிடும் பணம் அந்தக் கருவியை நீங்கள் விரும்பும் கருவியாக மாற்றாது.

1. எந்த அமைப்பை நோக்கிப் போகிறீர்கள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்

இன்று கிடைக்கும் பாடங்களில் மிகப் பெரும்பாலானவை 10 தந்திகள், ஈ9 சுருதி, 3 பெடல்கள், 4 முழங்கால் லீவர்கள் கொண்ட கருவியை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டுள்ளன. முதல் தந்தியிலிருந்து பத்தாம் தந்தி வரை சுருதி வரிசை இது: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. மூன்று பெடல்களுக்கும் ஏ, பி, சி என்று பெயர்; இவை சுரங்களைக் குறிப்பவை அல்ல. ஏ பெடல் 5, 10 ஆகிய தந்திகளை பியிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றுகிறது. பி பெடல் 3, 6 ஆகிய தந்திகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏவுக்கு ஏற்றுகிறது. சி பெடல் நான்காம் தந்தியை ஈயிலிருந்து எஃப் ஷார்ப்புக்கும் ஐந்தாம் தந்தியை பியிலிருந்து சி ஷார்ப்புக்கும் ஏற்றுகிறது. லீவர்களில் ஒன்று 4, 8 ஆகிய தந்திகளை ஈயிலிருந்து எஃப்புக்கு ஏற்றும். இன்னொன்று அதே தந்திகளை ஈ ஃபிளாட்டுக்கு இறக்கும். மூன்றாவது இரண்டாம் தந்தியையும் ஒன்பதாம் தந்தியையும் இறக்கும். நான்காவது லீவர் எதைச் செய்யும் என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். ஐந்தாம் தந்தியை பி ஃபிளாட்டுக்கு இறக்குவோரும் உண்டு, முதல் தந்தியை ஜிக்கு ஏற்றுவோரும் உண்டு.

முதல் இரண்டு லீவர்களும் வெறும் வசதிக்கானவை அல்ல. பெடல் எதையும் மிதிக்காதபோது ஒலிக்கும் ஈ மேஜர், ஏ பெடலையும் பி பெடலையும் சேர்த்து மிதித்தால் ஏ மேஜராகிறது. ஏ பெடலோடு ஈயை எஃப் ஆக்கும் லீவரைச் சேர்த்தால் சி ஷார்ப் மேஜர் கிடைக்கிறது. அப்படியே, தந்திகளின் மேல் வைத்து வாசிக்கும் உலோகப் பாரை மூன்று ஃபிரெட் மேலே நகர்த்தினால் அதே ஈ மேஜர் வேறோர் இடத்தில் வந்து நிற்கும். ஈயை இறக்கும் லீவரோ பாரை நகர்த்தாமலே பி மேஜரைத் தருகிறது. இந்த இரண்டும் இல்லாத கருவியில் பாடங்களின் தொடக்கப் பகுதியைத் தாண்டியதும் உங்களால் பின்தொடர முடியாது. ஆகவே மேம்பாடு என்று நான் சொல்வது முதன்மையாக இந்த இரண்டு லீவர்களையும் பெறுவதைத்தான்.

இன்னொரு விவரத்தையும் தாளில் குறியுங்கள். பெடல்கள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று அமைந்திருந்தால் அது எம்மன்ஸ் அமைப்பு. சி, பி, ஏ என்று இருந்தால் அது டே அமைப்பு. இரண்டில் எதுவும் தாழ்ந்ததல்ல. ஆனால் ஒன்றில் பழகிவிட்டு மற்றொன்றுக்கு மாறுவது கால்களுக்குக் கடினம் என்பதால், உங்கள் ஆசிரியரோ பாடமோ பின்பற்றும் அமைப்பையே தேர்ந்தெடுங்கள்.

2. கையில் இருப்பது எந்த இனம் என்று கண்டறியுங்கள்

மலிவாக வரும் பழைய கருவிகளில் ஓர் இனம் கேபிளால் இயங்குபவை. ஃபெண்டர் 400, அதன் இரட்டைக் கழுத்து உடன்பிறப்பான ஃபெண்டர் 1000 ஆகியவை இதில் அடங்கும். ஒவ்வொரு கழுத்திலும் 8 தந்திகளே உண்டு. முழங்கால் லீவர்கள் இல்லாமலே இவை தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. இவற்றின் ஒலி அழகானது, உடலும் உறுதியானது. ஆனால் இவற்றை நவீன ஈ9 கருவியாக மாற்ற முயல வேண்டாம். எட்டுத் தந்திக் கருவியாகவே ஏற்றுக்கொண்டு, அதற்குரிய சுருதியில் வாசிப்பவர்களுக்கு மட்டுமே அவை உகந்தவை.

அடுத்தது 1970களில் கற்போருக்கென்று செய்யப்பட்ட 10 தந்திக் கருவிகள். ஷோ-பட் மேவரிக் இவற்றில் பலரும் அறிந்தது. வழக்கமாக 3 பெடல்களும் ஒரே ஒரு முழங்கால் லீவரும் கொண்டது. இந்தக் கட்டுரையின் கேள்வி பெரும்பாலும் இந்த இனத்தைப் பற்றியதுதான்.

மூன்றாவதாக, அந்தக் காலத்துத் தொழில்முறைக் கருவிகள் தேய்ந்தும் உதிரிகளை இழந்தும் குறைந்த விலைக்கு வருவதுண்டு. நல்ல சேஞ்சரும் அழுக்கான தோற்றமும் கொண்ட இத்தகைய கருவி, பளபளப்பான கற்போர் கருவியைவிட எப்போதும் மேலானது என்பது என் உறுதியான கருத்து.

இயக்க முறையையும் கேட்டறியுங்கள். ஆல்-புல் முறையில், பெடலோ லீவரோ இயக்காத திறந்த தந்தியின் சுருதியை இடது முனையில் உள்ள கீஹெட்டிலும், பெடல், லீவர் சுருதிகளை வலது முனையில் உள்ள நைலான் நட்டுகளிலும் தனித்தனியே சரிசெய்யலாம். பழைய புல்-ரிலீஸ் முறையில் இவை ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் சுருதி சேர்க்கும் வரிசை மாறினால் மற்றவையும் குலையும். ஒரே தந்திக்குப் பல மாற்றங்களைக் கோப்பதும் கடினம். பொறியமைப்பு வேலையில் பழக்கமில்லாதவர்கள் புல்-ரிலீஸ் கருவியை மேம்படுத்தும் நோக்கத்தோடு வாங்க வேண்டாம்.

3. விற்பவரிடம் எழுத்திலும் படத்திலும் பெற வேண்டியவை

கருவி தொலைவில் இருந்தால் இந்தப் படி மிக முக்கியம். பின்வருவனவற்றைப் பெறாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடிப்பாகத்தின் முழுப் படம் ஒன்று, சேஞ்சர் பகுதியின் நெருங்கிய படங்கள் சில, வலது முனைத் தகட்டின் நேர்ப் படம் ஒன்று. எனக்கு விற்க முன்வந்த ஒருவர் முன்பக்கத்தின் அழகான படங்களையே திரும்பத் திரும்ப அனுப்பினார். அடிப்பாகத்தின் படத்தைக் கேட்டதும் பதில் நின்றுவிட்டது. பெடல் ஸ்டீலின் மதிப்பு அதன் அடிப்பாகத்தில்தான் இருக்கிறது. அதைக் காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

பெடலும் லீவரும் எந்தத் தந்தியை எங்கிருந்து எங்கே மாற்றுகின்றன என்ற அட்டவணை. விற்பவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், ஒவ்வொரு பெடலையும் மிதித்து ஒவ்வொரு தந்தியையும் மீட்டும் காணொளியைக் கேளுங்கள்.

வரிசை எண், மாதிரிப் பெயர், முன்பு செய்த பழுதுவேலைகளின் ரசீதுகள். பழுதுவேலை நடந்திருந்தால் கழற்றப்பட்ட அசல் பாகங்கள் உள்ளனவா என்றும் கேளுங்கள். பிறகு நீங்கள் விற்கும்போது அவற்றுக்கு மதிப்பு உண்டு.

உடன் வரும் பொருள்களின் பட்டியல்: நான்கு கால்கள், பெடல் பலகை, பெடலையும் உடலையும் இணைக்கும் கம்பிகள், சுருதிச் சாவி, பெட்டி. "முழுமையானது" என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காதீர்கள். ஒரு காலோ பெடல் கம்பியோ இல்லாமல் வந்தால், அளவுக்குச் செய்து வாங்கும் வரை கருவி மூலையில் கிடக்கும்.

தயாரித்த நிறுவனம் மூடப்பட்டிருந்தால், அந்த மாதிரிக்கு உதிரி பாகம் செய்பவர் யாரேனும் உண்டா என்று வாங்குவதற்கு முன்பே தேடி, அவரிடம் எழுதிக் கேளுங்கள். சேஞ்சரின் படத்தையும் அனுப்புங்கள். "செய்யலாம்" என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பாகம், என்ன விலை, எவ்வளவு காலம் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் பெறுங்கள்.

4. சேஞ்சரில் இடம் இருக்கிறதா என்று எண்ணுங்கள்

இது இந்த வழிகாட்டியின் மையம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஒவ்வொரு தந்தியும் வலது முனையில் விரல் எனப்படும் வளைந்த உலோகத் துண்டின் மேல் ஏறி இறங்குகிறது. விரலின் கீழே ஏற்றத்துக்கான நெம்புகோலும் இறக்கத்துக்கான நெம்புகோலும் உள்ளன. அவற்றில் துளைகள் இருக்கும். பெடலிலிருந்து வரும் இழுகம்பிகள் அந்தத் துளைகள் வழியே செல்கின்றன. ஒரு தந்திக்கு எத்தனை ஏற்றத் துளைகள், எத்தனை இறக்கத் துளைகள் என்று பாருங்கள். அதுதான் அந்தத் தந்தி ஏற்கக்கூடிய தனித்தனி மாற்றங்களின் எண்ணிக்கை.

இப்போது முதல் படியில் எழுதிய அமைப்பை இதனோடு ஒப்பிடுங்கள். நான்காம் தந்திக்கு சி பெடலுக்காக ஓர் ஏற்றம், லீவருக்காக இன்னோர் ஏற்றம், மற்றொரு லீவருக்காக ஓர் இறக்கம் தேவை. ஐந்தாம் தந்திக்கு ஏ பெடலுக்கும் சி பெடலுக்கும் தனித்தனி ஏற்றம், பி ஃபிளாட் வேண்டுமானால் ஓர் இறக்கம் தேவை. எட்டாம் தந்திக்கு ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் போதும். மற்றத் தந்திகளின் தேவை இதைவிடக் குறைவு. ஆகவே இரண்டு ஏற்றமும் ஓர் இறக்கமும் தரும் சேஞ்சர் இருந்தால் அடிப்படையான 3 பெடல், 4 லீவர் அமைப்பை அடைய முடியும். ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் மட்டுமே தரும் சேஞ்சரில் 4, 5 ஆகிய தந்திகள் இடிக்கும். சி பெடலைக் கைவிட்டால் ஈயை எஃப் ஆக்கும் லீவருக்கு இடம் கிடைக்கும். சி பெடலை விட அந்த லீவர் பயன்மிக்கது என்பதால் அதையும் நான் ஏற்கத்தக்க வழியாகவே கருதுகிறேன். ஆனால் அது நிரந்தர வரம்பு என்பதை அறிந்தே செய்யுங்கள்.

இறக்கத்துக்கான நெம்புகோலே இல்லாத தந்திகள் சில மலிவுக் கருவிகளில் உண்டு. அங்கே முழுச் சேஞ்சரையும் மாற்றச் சொல்பவர்கள் இருப்பார்கள். மாற்ற முடியும், ஆனால் சேஞ்சரின் அச்சு உயரம், தந்திகளின் இடைவெளி, முனைத் தகடு, இழுகம்பிகள் என எல்லாமே அதோடு மாறும். மிஞ்சுவது பழைய மரம் மட்டுமே. கற்போர் கருவிக்கு அந்தச் செலவு தகாது.

துளைகள் இருப்பது மட்டும் போதாது. லீவரைப் பொருத்த அடியில் இடமும் வேண்டும். புதிய லீவர் ஒவ்வொன்றுக்கும் தாங்கி, குறுக்குத் தண்டு, அதன் சுழற்சியை இழுகம்பிக்குக் கடத்தும் பெல்கிராங்க்குகள், இழுகம்பிகள், நிறுத்தத் திருகு ஆகியவை தேவை. பிக்கப் குழியும் பெடல்களின் தண்டுகளும் எந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன என்று பாருங்கள். இழுகம்பி சேஞ்சரை நோக்கி ஏறக்குறைய நேராகச் செல்ல வேண்டும். வேறு கம்பியில் உரசினால் ஒலியும் எழும், சுருதியும் திரும்பாது.

5. சுருதிமானியை வைத்துச் செய்யும் சோதனைகள்

கருவி நேரில் கிடைத்தால் ஒரு டியூனரையும் ஆம்ப்பையும் கொண்டுசெல்லுங்கள்.

உடல் வளைவைச் சோதிக்க, நான்காம் தந்தியை ஈயில் சரியாக நிறுத்திவிட்டு ஏ, பி பெடல்களைச் சேர்த்து மிதியுங்கள். இந்தப் பெடல்கள் நான்காம் தந்தியைத் தொடுவதில்லை. ஆயினும் மற்றத் தந்திகள் இறுகும்போது உடல் சற்று வளைவதால் டியூனரின் முள் கீழே இறங்கும். ஓரிரு சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) முதல் ஐந்து சென்ட் வரை இறங்குவது பல நல்ல கருவிகளிலும் காணப்படுவதே. பத்து சென்ட்டைத் தாண்டினால் காது அதை உணரத் தொடங்கும். முதலில் கால்களும் உடலின் திருகுகளும் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் உடலே பலவீனமானது. லீவர்களைச் சேர்ப்பதால் அது குணமாகாது.

சுருதி திரும்புகிறதா என்பதற்கு, ஒவ்வொரு பெடலையும் பலமுறை மிதித்துவிட்டுத் திறந்த தந்தியை மீட்டிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் அஞ்ச வேண்டாம். அழுக்கேறிய சேஞ்சர், சுழலாத ரோலர் நட் (இடது முனையில் தந்திகள் படியும் உருளைகள்), அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட நைலான் நட்டு ஆகியவையே வழக்கமான காரணங்கள். ஆல்-புல் கருவியில் ஏற்றத்துக்கான நைலான் நட்டில் மயிரிழை அளவு தளர்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விரல் தன் இருப்பிடத்தில் வந்து அமராது. இறக்கத்தை மீட்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் ஏற்றத்தின்போது இறக்க நெம்புகோல் அசைந்து சுருதி பிசகும். இவையெல்லாம் குறைந்த செலவில் தீர்பவை.

விரல்களின் உச்சியைக் கையால் தடவுங்கள். தந்தி பதிந்து பள்ளம் விழுந்திருந்தால் ஒலி நீளாது, சிதார்போல் இரையும். ஆழமில்லாத பள்ளத்தை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றலாம். ஆழமானதற்கு விரலையே மாற்ற வேண்டும்.

குறுக்குத் தண்டுகளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பித்தளைப் புஷிங்குகள் தேய்ந்திருந்தால் புதிதாகச் செய்யலாம். ஆனால் வார்ப்பு உலோகத்தால் ஆன தாங்கிகளிலும் லீவர்களிலும் விரிசல் இருந்தால் விலகுங்கள்; துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்களைப் பற்றவைப்பது பலன் தருவதில்லை, மாற்றுப் பாகம் கிடைப்பதும் அரிது.

பிக்கப் ஒலிக்கவில்லை என்றால் மல்டிமீட்டரால் அதன் இரு முனைகளையும் அளவிடுங்கள். பல ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் நலமாக இருக்கிறது. குறை வேறெங்கோ இருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. அதை மறுசுற்று சுற்றலாம் என்பதால் அந்த ஒரு குறைக்காக நல்ல கருவியைக் கைவிட வேண்டாம். விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

6. எந்த முடிவுக்கும் முன் சுத்தம் செய்து புதிய தந்தி போடுங்கள்

கருவி வீட்டுக்கு வந்ததும் பாகங்களுக்கு ஆணை கொடுக்காதீர்கள். பழைய கருவிகளின் குறைகளில் பாதிக்கு மேல் காய்ந்த எண்ணெயால் வருபவை என்பதே என் அனுபவம்.

எதையும் கழற்றுவதற்கு முன் அடிப்பாகத்தைப் பல கோணங்களில் படமெடுங்கள். எந்தக் கம்பி எந்தத் துளையில் இருந்தது என்பதை ஒரு தாளில் வரையுங்கள். பிறகு பழைய தந்திகளைக் கழற்றி, சேஞ்சரின் கீழே வெள்ளைத் துணியை விரித்து, விரல்களின் இடுக்கில் நாஃப்தாவைச் சில துளிகள் விட்டுப் பெடல்களையும் லீவர்களையும் மெதுவாக இயக்குங்கள். முதலில் கரும்பழுப்பாகச் சொட்டும். அதோடு உலோகத் துகள்களும் வரும். துணியில் விழும் துளி நிறமற்றதாகும் வரை தொடருங்கள். நாஃப்தா எளிதில் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பும் மின்பொறியும் இல்லாத இடத்தில் மட்டுமே இதைச் செய்யுங்கள். உலர்ந்த பின் தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயை ஒவ்வோர் அச்சிலும் ஒரு துளி மட்டும் விடுங்கள். கிரீஸும் வேண்டாம், துரு நீக்கத் தெளிக்கும் திரவமும் வேண்டாம். இரண்டும் தூசியைப் பிடித்து மீண்டும் இறுகும்.

தந்திகளை ஈ9க்கு உரிய தொகுப்பாகவே வாங்குங்கள். சாதாரண கிட்டார் தந்திகள் இதற்கு ஆகா. அங்குலத்தில் 0.013, 0.015, 0.011, 0.014, 0.017, 0.020, 0.026, 0.030, 0.034, 0.038 என்பது பரவலாகப் பயன்படும் வரிசை. மூன்றாம் தந்தி அதன் தாங்கும் எல்லையை ஒட்டியே இறுகியிருப்பதால் அடிக்கடி அறும், 0.011 தந்திகளைத் தனியாகவும் சில வாங்கி வையுங்கள். போட்ட சில நாள்களிலேயே எப்போதும் விரலின் மேலேயே அறுந்தால், அங்கே கூர்மையான பிசிறு இருக்கிறது என்று பொருள், மெருகேற்றுங்கள்.

திருகுகளில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் செய்யப்பட்ட இந்தக் கருவிகளின் இழைகள் அங்குல அளவில் அமைந்தவை. மில்லிமீட்டர் அளவுத் திருகு தொடக்கத்தில் நுழைவதுபோல் தோன்றி, இறுக்கும்போது இழையை அழித்துவிடும். ஆலன் சாவிகளையும் அங்குல அளவிலேயே வாங்குங்கள். மரத்தில் திருகு பிடிக்காமல் சுற்றினால் துளையைப் பெரிதாக்கி, கடின மரக் குச்சியைப் பசையிட்டு அடைத்து, காய்ந்த பின் புதிதாகத் துளையிடுங்கள்.

7. செலவுக்கு மேல்வரம்பு போடுங்கள்

விலைகள் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுபவை. ஆகவே விகிதத்தில் கணக்கிடுங்கள். 3 பெடல், 4 லீவர் கொண்ட, ஆல்-புல் முறையில் இயங்கும், உடனே வாசிக்கத்தக்க பழைய கருவி ஒன்று இப்போது உங்களுக்கு என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை விசாரித்து எழுதுங்கள். அதை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மலிவுக் கருவியின் விலை, கொண்டுவரும் செலவு, சீர்செய்யும் செலவு, லீவர்களின் பாகங்கள், கூலி ஆகிய அனைத்தையும் கூட்டினால் 70க்குள் அடங்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் வரம்பு. 70க்கு மேல் போனால், மீதிப் பணத்தையும் சேர்த்து அந்த 100ஐ வாங்குவதே மேல். மேம்பாட்டுக்குச் செலவிட்ட பணம் விற்கும்போது முழுமையாகத் திரும்புவதில்லை என்பதற்காகத்தான் அந்த 30 இடைவெளி.

கணக்கில் விடுபடுவது பெரும்பாலும் போக்குவரத்துச் செலவு. பெட்டியோடு சேர்த்தால் ஒற்றைக் கழுத்துக் கருவியே 15 முதல் 25 கிலோ வரை எடையிருக்கும். நாடு கடந்து வருமானால் சுங்கவரியும் காப்பீடும் சேரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நிலைக்கு மிக எளிதில் வந்துவிடலாம். மேம்படுத்துவதற்காகக் கருவியைப் பட்டறைக்கு அனுப்புவதானால் இந்தச் செலவை இன்னும் இருமுறை கூட்டுங்கள்: போக ஒன்று, வர ஒன்று.

வால்யூம் பெடல், பார், விரல் பிக்குகள், இருக்கை, ஆம்ப் ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எந்தக் கருவி வாங்கினாலும் இவை தேவை. அடுத்த கருவிக்கும் உங்களோடு வரும். உண்மையில் நல்ல வால்யூம் பெடலுக்குச் செலவிடுவதே முதல் நாளிலிருந்து பயன்தரும் செலவு.

8. பணத்தை இந்த வரிசையில் செலவிடுங்கள்

சேஞ்சர் இடம் கொடுக்கிறது, உடல் உறுதியாக இருக்கிறது, கணக்கும் வரம்புக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஈயை இறக்கும் லீவர், அடுத்து ஈயை எஃப்புக்கு ஏற்றும் லீவர். ஏற்கெனவே உள்ள ஒற்றை லீவர் இவற்றில் ஒன்றைச் செய்தால் பாதி வேலை முடிந்தது; வேறெதையாவது செய்தால் அதன் இழுகம்பிகளை மாற்றிக் கோத்தாலே போதும், பெரிய செலவு இருக்காது. இரண்டையும் இடது முழங்காலுக்கே கொடுங்கள். பாடங்கள் பெரும்பாலும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. அதன் பிறகு 2, 9 ஆகிய தந்திகளை இறக்கும் வலது முழங்கால் லீவர்.

பெல்கிராங்க் வாங்கும்போது பல துளைகள் கொண்டதாகப் பாருங்கள். பெல்கிராங்கில் தண்டிலிருந்து தள்ளிய துளையில் கம்பியைக் கோத்தால் குறைந்த அசைவில் அதிக இழுப்பு கிடைக்கும், ஆனால் லீவர் கனமாக இருக்கும். நெருங்கிய துளையில் கோத்தால் இலகுவாகும், அசைவு நீளும். 4, 8 ஆகிய தந்திகள் இரண்டும் ஒரே நேரத்தில் தம் சுருதியை அடைய வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் நிறுத்தத் திருகை எவ்வளவு திருகினாலும் சரியாகாது. துளைகளை மாற்றித்தான் சரிசெய்ய முடியும். ஒற்றைத் துளை பெல்கிராங்கில் அந்த வழியே இல்லை.

பிக்கப்பைக் கடைசியாக வையுங்கள். பலரும் முதலில் மாற்றுவது அதைத்தான். எளிதாக இருப்பதும் உடனே வேறுபாடு கேட்பதும் அதற்குக் காரணம். ஆனால் இருக்கும் பிக்கப்பையே தந்தியிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் தூரத்தில் நிறுத்தி, வால்யூம் பெடலையும் கம்பிகளையும் சரிசெய்துவிட்டுக் கேளுங்கள். மாற்ற வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் தணிந்துவிடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பிக்கப்பின் அகலத்தையும் அந்த இடத்தில் தந்திகளின் இடைவெளியையும் அளந்த பிறகே வாங்குங்கள். மேற்பூச்சு, புதிய கைப்பிடிகள், அலங்காரத் தகடுகள் ஆகியவற்றுக்கு ஒன்றும் செலவிட வேண்டாம்.

9. காலத்தைத் திட்டமிடுங்கள்

சுத்தம் செய்து தந்தி போட்டுச் சுருதி சேர்ப்பது ஒரு வார இறுதியில் முடியும். பாகங்கள் கையில் இருந்தால் ஒரு லீவரைப் பொருத்துவது அனுபவமுள்ளவருக்கு ஒரு நாள் வேலை. புதியவர் சில மாலைகளை ஒதுக்க வேண்டும். நீளமானது பாகங்களுக்கான காத்திருப்பு. உதிரி செய்பவர்கள் பெரும்பாலும் தனியாளாக உழைப்பவர்கள் என்பதால் வாரங்கள் மாதங்களாவது வழக்கம்.

ஆகவே பாகங்கள் அனைத்தும் வந்து சேர்ந்து, அளவும் சரியென்று பார்த்த பிறகே கருவியைக் கழற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு லீவரை மட்டும் பொருத்துங்கள். அது சரியாக இயங்கிச் சுருதி திரும்புகிறது என்று உறுதியான பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால், பிசகு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. காத்திருக்கும் மாதங்களில் ஏ, பி பெடல்களை மட்டும் கொண்டு பயிற்சி செய்யுங்கள். அடிப்படைக் கால்வேலை, தந்தியை அடக்குதல், பாரின் நேர்மை எல்லாம் அவற்றிலேயே கற்கக் கிடக்கின்றன.

பட்டறையில் கொடுத்தால் எழுத்தில் ஒப்பந்தம் பெறுங்கள். எந்த லீவர் எந்தத் தந்தியை எங்கே மாற்ற வேண்டும் என்ற அட்டவணை, பாகங்களின் விலை, கூலி, முடிக்கும் தேதி, கழற்றிய அசல் பாகங்களைத் திருப்பித் தருவது ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். முன்பணம் பாகங்களின் விலையைத் தாண்ட வேண்டாம்.

10. மேம்படுத்த வேண்டாம் என்று முடிவானால்

சேஞ்சரில் இடம் இல்லை, உடல் வளைகிறது, வார்ப்புப் பாகங்கள் வெடித்திருக்கின்றன, கணக்கு 70ஐத் தாண்டுகிறது என்பவற்றில் ஏதேனும் ஒன்று உண்மையானால் ஆறாம் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாங்காத கருவி என்றால் விலகிவிடுங்கள். வாங்கிவிட்ட கருவி என்றால், சுத்தமாக, சுருதி திரும்பும் நிலையில், புதிய தந்திகளோடு வைத்து, இந்தக் கருவி உங்களுக்கு ஏற்றதா என்பதைக் கற்றறியும் காலத்துக்கு அதைப் பயன்படுத்துங்கள். அந்த அளவுக்கு அது முழுப் பயனும் தரும்.

விற்கும் நாள் வரும்போது அடிப்பாகத்தின் படங்கள், பெடல் அட்டவணை, சுத்தம் செய்த விவரம், ரசீதுகள், உடல் வளைவுச் சோதனையில் கிடைத்த சென்ட் அளவு ஆகியவற்றை விளம்பரத்திலேயே கொடுங்கள். குறைகளையும் மறைக்காமல் எழுதுங்கள். ஆவணங்களோடு வரும் கற்போர் கருவிகள் விரைவாகக் கைமாறுகின்றன. அடுத்துக் கற்க வருபவர் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். பெடல் கம்பிகளையும் சுருதிச் சாவியையும் ஒரே பையில் கட்டி, பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள். தொலைந்துபோவது பெரும்பாலும் அவைதான்.